விளக்கிய ஓடுகள்

வெயில் நன்றாகத்தான் காய்கிறது, பாழாய்ப்போன வெயில், என்றைக்கும் இல்லாத அக்கறையோடு இன்றைக்கு வந்து ஒவ்வொரு ஓட்டையும் தடவித் தடவிக் காயவைக்கிறது. மொட்டைமாடியில் பழைய புடவையை விரித்து நான் பரப்பிவைத்த ஓடுகள், என்றைக்கோ உடைந்த பானைகளின் ஓடுகள், என் மகள் லோகு முந்தாநாள் அட்டைப்பெட்டியில் வைத்துப் பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி தூக்கிவந்த ஓடுகள், இப்போது உள்ளும் புறமும் செவச்செவ என்று, கல்யாணத்துக்குப் புதுசாய் வாங்கி வைத்த சட்டி மாதிரி கிடக்கின்றன. ஒன்றில்கூட கரி இல்லை. நான்தான் விளக்கினேன். தேங்காய்நாரும், நான் வேலைசெய்கிற கல்யாண மண்டபத்து விறகடுப்பிலிருந்து அள்ளிவந்த சாம்பலும் போட்டு, அண்டா அண்டாவாய் விளக்கிப் பழகின இந்தக் கையால், நகத்தால் சுரண்டி, விடாத இடத்தை ஊறவைத்துத் தேய்த்து, ஒரு பொட்டுக் கரி இல்லாமல் விளக்கிக் கவிழ்த்துவிட்டுக் கையை உதறினேன், அப்புறம்தான் போன் அடித்தது. அம்மா, நான் பஸ் ஏறிட்டேன், எஸ்தர் மேடமும் கூட வர்றாங்க, பெட்டியை இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயி மெட்ராசுக்கு அனுப்பப் போறோம், தண்ணி கிண்ணி பட்டுடாம பாத்துக்க, உள்பக்கம் கரியா ஒட்டியிருக்குல்ல, அந்தக் காலத்துல பொங்கினது அடிப்பிடிச்சு ஒட்டினது, அதை மெஷின்ல வெச்சுப் பாத்தா என்ன பொங்கினாங்கன்னு சொல்லிடும், அதை வெச்சுத்தாம்மா நான் எல்லாத்தையும் விளக்கணும், அதுதான் எனக்கு எல்லாம். எத்தனை நாளைக்கு அப்புறம் அந்தக் குரலில் ஒரு சிரிப்பு. நான் சரி என்றேன். ஈரக்கையில் போனைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன், சாப்டியா என்றேன், சரி வா என்றேன். வேறே ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பஸ்ஸிலேயே தெரிந்திருக்கும். பஸ்ஸில் தெரிந்தால், பக்கத்தில் மேடம் இருந்தாலும், ஓடுகிற பஸ், படிக்கட்டு, ஜன்னல், வேண்டாம், சொல்லாததே நல்லது. வீட்டுக்கு வரட்டும். வந்தால்? வீட்டிலும் மாடி இருக்கிறதே. விளக்கணும், விளக்கணும், விளக்கணும். எழுத்து எனக்கு ஓடாது, மூணாப்போடு சரி, ஆனால் காது நல்ல காது. மண்டபத்துப் பின்கட்டில் எச்சில் பாத்திரத்துக்கு நடுவே குந்தியிருந்தபடியே, முன்னால் மேளத்துக்கு ஊடே எந்த மாமனுக்குக் கோபம், எந்த அத்தை அழுதுவிட்டுச் சிரிக்கிறாள் என்று குரலைவைத்தே சொல்லிவிடுவேன், கூட விளக்குகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தக் காதுதான் குடியைக் கெடுத்தது. முந்தாநாள் சாயங்காலம் லோகு கூடப் படிக்கிற பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டு இங்கேயும் அங்கேயும் நடந்தாள். உள்பக்கம் பூரா எச்சம்டி, ஒண்ணு விடாம எச்சம், நான் இன்னும் விளக்கவே ஆரம்பிக்கலை, இந்த மாசத்துக்குள்ள விளக்கி முடிக்கலைன்னா மேடம் என்னைக் கொன்னே போடுவாங்க, கையே ஒழிய மாட்டேங்குது. இதுதான் நான் கேட்டது. ஒரு சொல் கூட்டிக் கேட்கவில்லை, ஒரு சொல் குறைத்துக் கேட்கவில்லை. எச்சம் என்றால் எனக்குக் காக்காய் எச்சம், பல்லி எச்சம். கிணறு தோண்டின குழியில் கிடந்த ஓடு, காக்காய் உட்கார்ந்திருக்கும், பல்லி ஓடியிருக்கும். விளக்கணும் என்றால் விளக்கணும். நாங்கள் வெளக்குறது என்போம். அவள் விளக்குறது என்றாள். வாளப்பளத்தை நாக்கைச் சுழற்றி வாழைப்பழம் என்கிற பிள்ளை, வெளக்குறதையும் விளக்குறது என்று சுத்தமாய்ச் சொல்லத்தானே செய்யும். பாவம், அதுக்கும் கை ஒழியவில்லை, நமக்கு இன்றைக்கு மண்டபத்தில் வேலை இல்லை, பிள்ளை வருகிறதுக்குள் விளக்கிவைத்தால் சந்தோஷப்படும் என்று உட்கார்ந்தேன். பரோட்டாக் கடையில் மடிக்கிற வெள்ளித்தாளில் ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாய்ச் சுற்றியிருந்தாள். அப்போதாவது உறைத்ததா? அழுக்கை எவளாவது வெள்ளித்தாளில் பொதிந்துவைப்பாளா என்று ஒரு நிமிஷம் நினைத்தேனா? நினைத்தேன். நினைத்துவிட்டு, மேலே பட்டால் மற்றதிலும் ஒட்டும் என்று சுற்றியிருக்கிறாள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மனசுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் கை நிற்காது.

இதுக்கு முன்னாலேயே ஒருதடவை அந்தச் சொல் என்னை எச்சரித்தது, நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் படிக்கிற இடத்தில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன், பட்டுப்போன பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு. எஸ்தர் மேடம் வந்து என் கையைப் பிடித்து, உங்க பொண்ணு ரொம்ப அழகா விளக்குறாம்மா, எங்க டிபார்ட்மெண்டுலயே இவ மாதிரி விளக்க ஆள் இல்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையைப் படிக்க அனுப்பினால் அங்கேயும் பாத்திரம் விளக்க விட்டுவிட்டார்களா என்று வயிறு எரிந்தது. எரிந்தாலும் ஒரு பெருமை, விடுமா? என் மகளாச்சே மேடம், கை அப்படி என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். லோகுவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே என்னை ஒருபக்கமாய் அணைத்துக்கொண்டாள். எதுக்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். அன்றைக்கு யாராவது, ஒரே ஒருத்தர், ஏம்மா, விளக்குறதுன்னா நாரு போட்டுத் தேய்க்கிறது இல்லை, இது இன்னதுன்னு எடுத்துச் சொல்றது என்று சொல்லியிருந்தால். சொல்லமாட்டார்கள். தெரியாதவளுக்குத்தானே சொல்லவேண்டும், நான்தான் தெரிந்தவள் மாதிரி சிரித்தேனே.

அவள் படிக்கிற படிப்பு இன்னதென்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாய்விட்டுத்தான் படிப்பாள். நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன். தோண்டுறது பெருசில்லம்மா, யார் வேணா தோண்டலாம், தோண்டி எடுத்ததுக்கு என்ன அர்த்தம் சொல்றோம்கிறதுதான் எங்க படிப்பு. பொருள் தானாப் பேசாது, நாம கேக்கிற கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கிடந்த இடத்துலேருந்து பிடுங்கிட்டா அது ஊமையாயிடும். பாக்குற ஆளோட கையும் அதுல படும்மா, பாக்குறவளும் அந்தக் கதைக்குள்ள வந்துடுவா. இதெல்லாம் அவள் வாயால் கேட்டது. கேட்டு ரசித்தது. பாக்குறவளோட கையும் படும் என்று படித்தாயேடி, பெத்தவளோட கை படும் என்று உன் புத்தகத்தில் ஒரு பக்கம் இல்லையா? இந்த ஓடுகள் கிடைத்தது ஆவாரங்காட்டில், கல்லை வட்டமாய் நட்டுவைத்த பழைய சுடுகாட்டுக்குப் பக்கத்தில். பக்கத்தில் சுடுகாடு இருக்கிறதால் இதுவும் செத்தவர்களுக்கு வைத்த பானை, சடங்குப் பானை என்று பெரியவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். லோகு இல்லை என்கிறாள். என்னன்னு தெரியலைன்னா உடனே சடங்குன்னு எழுதிடுவாங்கம்மா, அது எங்க ஆளுங்களுக்கு ஒரு வியாதி. இது அடுப்புல ஏறின பானை. பொங்கி, அடிப்பிடிச்சு, திட்டு வாங்கி, மறுபடி பொங்கின பானை. இங்க ஆளுங்க உசுரோட இருந்திருக்காங்க, பிள்ளை குட்டியோட. இதைச் சொன்னபோது அவள் கண் எப்படி இருந்தது. உசுரோட இருந்திருக்காங்க என்று சொல்ல அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கரி. அவர்களைத்தான் நான் இன்றைக்கு நாரில் தேய்த்துச் சாக்கடையில் ஊற்றினேன். என்றைக்கோ ஒருத்தி அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுப் பிள்ளை அழுகிறதென்று ஓடியிருப்பாள், அடிப்பிடித்திருக்கும், மாமியார்க்காரி வைதிருப்பாள், விளக்கச் சோம்பி அப்படியே போட்டிருப்பாள். நல்லவேளை சோம்பேறியாய் இருந்தாள், மகராசி. நான் சுறுசுறுப்பாய் இருந்துவிட்டேன்.

கைப்பிடிச் சுவர் என் இடுப்புக்குத்தான் இருக்கிறது. இத்தனை நாள் குடியிருக்கிறோம், இன்றைக்குத்தான் பார்க்கிறேன், என் இடுப்பு உயரம்தான். புடவையைச் சுவரோரம் விரித்திருக்கிறேன். அவள் வந்தால் நேரே ஓட்டிடம்தான் வருவாள். எழுந்து புடவையின் இரண்டு முனையைப் பிடித்து மெல்ல மெல்ல இழுக்கிறேன், ஓடுகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுங்குகின்றன, படிக்கட்டுப் பக்கமாய், சுவரைவிட்டுத் தள்ளி, இன்னும் கொஞ்சம், இங்கே இருக்கட்டும். ஏன் இப்படியெல்லாம் நினைப்பு ஓடுகிறது? காரணம் இருக்கிறது. போன தடவை ஒரு வருஷம் எழுதினதைத் திருப்பிவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கிற அறைக்குள் போனவள் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. கற்பனை நல்லா இருக்கு, பேசாம கதை எழுதப் போம்மா, ஆதாரம் எங்க, என்றாராம் ஒருத்தர். மற்றவர்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் செமிக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள். தலைவாரவில்லை. கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். எஸ்தர் மேடம் வீட்டுக்கே வந்து, இன்னொரு தடவை எழுதலாம், வேற பொருள் எடுக்கலாம், ஆவாரங்காட்டுல கிணறு தோண்டுறாங்க, வா என்று கூட்டிப்போனதால்தான் எழுந்தாள். எழுந்து சாப்பிட்டாள். அன்றைக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இதுவும் போயிட்டா நான், என்றாள். அவ்வளவுதான். இதுவும் போயிட்டா நான். அப்புறம் தண்ணீர் குடித்தாள். கைகழுவப் போய்விட்டாள்.

இதுவும் போயிட்டா நான் என்ன? அன்றையிலிருந்து அது என் தொண்டையில் மீன்முள்ளாய் நிற்கிறது. இதுவும் போயிட்டா நான் வேலைக்குப் போறேன். இருக்கலாம். இதுவும் போயிட்டா நான் கல்யாணம் பண்ணிக்கிறேன். இருக்கலாமே. இதுவும் போயிட்டா நான், வேண்டாம், வேண்டாம். சின்னதில் பாடம் ஒப்பிப்பாள், வந்து, நின்று, போனால், முடியாம நிக்கிற சொல்லுக்கு வினையெச்சம்னு பேரும்மா, பின்னால ஒரு சொல்லு வந்து முடிச்சுவைக்கணும், இல்லாட்டி அந்தரத்துல தொங்கும். எச்சம். அடிப்பாவி, அப்போதே அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாளே, காக்காய் எச்சம் இல்லை, மிச்சம் நிற்கிறதுதான் எச்சம் என்று. எச்சம்னா ஒருத்தர் விட்டுட்டுப் போற பிள்ளைக்கும் பேரும்மா, நான் உன்னோட எச்சம், என்று சொல்லிவிட்டு முகத்தைக் கோணிக் காட்டி ஓடினாள், அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. நானும் சீ, நாறிப்போனவளே, என்று விரட்டினேன். உள்பக்கம் பூரா எச்சம். விளக்கியாச்சு. ஒரு பொட்டு மிச்சமில்லை. ஆத்தா மீனாட்சி, நான் எதை விளக்கினேன்?

படியில் கொலுசுச் சத்தம், லோகுதான் என்று பதறித் திரும்பினேன். அவள் கொலுசு போடுவதில்லை என்கிற நினைப்பு பின்னால்தான் வந்தது. கீழ்வீட்டு ஜோதிமணி, வீட்டுக்காரி, காய்ந்த மிளகாயை அள்ள முறத்தோடு வருகிறாள். என்ன வெள்ளத்தாயி, ஓட்டாஞ்சில்லை வெச்சுக்கிட்டு, பாண்டி ஆடப் போறியா இந்த வயசுல? நான் சிரிக்கப் பார்க்கிறேன், உதடு வரவில்லை. அடேயப்பா, வெளக்குனா நீதான் வெளக்கணும், உடைஞ்ச ஓட்டைக்கூட இந்தப் பளபளப்புப் பண்ணி வெச்சிருக்கே, எங்க வீட்டு இட்லிக் கொப்பரையைக் கொண்டாந்து தர்றேன், அப்படியே ஒரு கை பாத்துரு. அக்கா, சும்மா இருங்க என்கிறேன். என்னடி மூஞ்சி செத்துக் கிடக்கு? உம்மக இன்னும் ஓடு பொறுக்கிக்கிட்டுத்தான் திரியிறாளா? எம்மருமக வயசு அவளுக்கு. கட்டிக் குடுத்திருந்தா இந்நேரம் புதுப்பானை வெச்சுப் பொங்கியிருப்பா, இவ என்னடான்னா எவளோ உடைச்ச பானையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு அலையிறா. எவளோ உடைச்ச பானை. லோகுவோட அப்பாவை எடுத்த அன்றைக்குக் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்து பின்னால் போட்டு உடைத்தார்கள். திரும்பிப் பாக்காதீங்க, பாக்காதீங்க என்று எல்லாரும் கத்தினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஓடு என்ன ஆச்சு? யாரும் பொறுக்கவில்லை. லோகு ஒருத்திதான் ராத்திரி கேட்டாள், சின்னப்பிள்ளை, அப்பா பானை அங்கயே கிடக்குமாம்மா, மழை பெஞ்சா நனையாதா என்று. இந்தப் படிப்புக்கு இவளை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அன்றைக்கே திரும்பிப் பார்த்துவிட்டாள். ஜோதிமணி மிளகாயை அள்ளிக்கொண்டு, தும்மிக்கொண்டு, போகிறாள். வெளக்குறதுல உன்னை அடிச்சுக்க ஆள் இல்லடி என்று படியில் இறங்கும்போதும் சொல்லிக்கொண்டு போகிறாள்.

தண்ணீர் எங்கே போனது? படியிறங்கி, பாத்திரம் விளக்குகிற அங்கணத்துக்கு ஓடினேன். சாக்கடைக் குழியில் வாயைத் திறந்து குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கிறது சிமெண்டு. நார் கிடக்கிறது. எடுத்துப் பிழிந்தேன், கறுப்பாய் இரண்டு சொட்டு வந்தது, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன். இதுவா? இதில் சாம்பல், நேற்று விளக்கின எண்ணெய்ச் சட்டி, காலையில் விளக்கின பால் குண்டான், எல்லாம் சேர்ந்து கிடக்கிறது. இதில் எது அந்த மகராசி வைத்த சோறு? கிடந்த இடத்துலேருந்து பிடுங்கிட்டா அது ஊமையாயிடும்மா. ஊமையாகிவிட்டது. இரண்டு சொட்டும் விரலிடுக்கில் இறங்கிப்போனது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அடுப்பைப் பார்த்தேன், வந்துவிட்டது. கரிதானே வேண்டும்? கரி பிடிக்கவைக்க எனக்குத் தெரியாதா? ஆயுசு பூரா கரியை விளக்கினவளுக்குக் கரி எப்படிப் பிடிக்கும் என்று தெரியாதா? காலையில் வடித்த கஞ்சி இருக்கிறது. மாடியிலிருந்து இரண்டு ஓட்டை எடுத்துவந்தேன். ஒன்றின் குழியில் கஞ்சியைத் தடவி இரண்டு பருக்கையை நசுக்கி வைத்து, இடுக்கியால் பிடித்து, அடுப்புத் தீயின் மேலே காட்டினேன். முதலில் கொதித்தது, அப்புறம் தோல் கட்டியது, ஓரம் பழுத்து, சிவந்து, கறுத்து, வீடு முழுக்க அடிப்பிடித்த வாசனை. அப்படியே இருக்கிறது. சத்தியமாய் அப்படியே இருக்கிறது, வெள்ளித்தாளைப் பிரித்தபோது பார்த்த அதே கரி, அதே வெடிப்பு. கை நடுங்கவில்லை. அதுதான் பயமாயிருக்கிறது, ஒரு நடுக்கம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்துவிடலாம், பஸ் வந்துசேர நேரமாகும், வெள்ளித்தாள் குப்பையில்தான் இருக்கிறது, மறுபடி சுற்றிவிடலாம். யாருக்குத் தெரியும்?

மெஷினுக்குத் தெரியும். மெஷின் சொல்லும், இது ரேஷன் அரிசி என்று. நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தனியாய் நின்று வாய்விட்டுச் சிரித்தேன், பைத்தியக்காரி மாதிரி. ஆவாரங்காட்டு ராசாக்களெல்லாம் ரேஷன் கடையில் வரிசையில் நின்று புழுங்கலரிசி வாங்கிப் பொங்கினார்கள் என்று என் மகள் எழுதுவாள். சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை, அழுகிறேன். கண்டுபிடிக்காமலே போனால்? மெஷின் ஏமாந்துவிட்டால்? அப்போது இன்னும் மோசம். அவள் அதை வைத்துக்கொண்டு பெரியவர்கள் முன்னால் நிற்பாள், இதோ ஆதாரம் என்பாள், கண் பளபளக்கும், உசுரோட இருந்திருக்காங்க என்பாள், அது நான் காலையில் வடித்த கஞ்சியாக இருக்கும். ஆயுசுக்கும் அவள் சொல்கிற உண்மைக்கு அடியில் என் பொய் ஒட்டிக்கிடக்கும், அதை எந்த நாரும் விளக்காது. மண்ணு பொய் சொல்லாதும்மா, நாமதான் சொல்லுவோம் என்று படிப்பாளே. அடுப்பை அணைத்தேன். ஓடு கையில் சுடுகிறது. இதையாவது விளக்கிவிடலாம் என்று கை தானாய் நாரிடம் போனது. போன கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். இந்தக் கைக்கு வேறே ஒன்றுமே தெரியாதா? அழுக்கைக் கண்டால் விளக்கும், கரியைக் கண்டால் விளக்கும், தப்பைச் செய்தால் அதையும் விளக்கும். விடு. இது கறுப்பாகவே இருக்கட்டும். மற்ற ஓட்டை அப்படியே புடவையில் கொண்டுபோய் வைத்தேன், வெந்த ஓட்டை மட்டும் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்தேன். அவள் சுவர்ப்பக்கம் போகவேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஆட்டோ நிற்கிற சத்தம். மேடத்தின் குரல். ஜோதிமணியின் குரல், வாங்க வாங்க, மேலேதான் இருக்கா, உங்களுக்கு ஒரு வாய் காப்பி போடட்டுமா என்று. படியில் செருப்பு. இது அவள்தான். இரண்டு படியை ஒன்றாய்த் தாவுகிறாள், எத்தனை நாளாயிற்று அவள் இப்படித் தாவி. என்னம்மா, வீடெல்லாம் அடிப்பிடிச்ச வாடை, அடுப்புல எதை வெச்சுட்டு இங்க வந்து உக்காந்திருக்க, என்று சிரித்துக்கொண்டே ஏறி வருகிறாள், வந்து, பார்த்து, நின்று. வந்து, பார்த்து, நின்று. முடிக்கிற சொல் வரவில்லை. ஓடுகளைப் பார்க்கிறாள். வெயிலில் ஒவ்வொன்றும் எவ்வளவு சுத்தமாய் இருக்கிறது. பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. குனிந்து ஒன்றை எடுக்கிறாள், திருப்புகிறாள், உள்பக்கத்தை விரலால் தடவுகிறாள், விரலைப் பார்க்கிறாள், வைக்கிறாள். இன்னொன்று. இன்னொன்று. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, கால்விரலைப் பார்க்கிறேன். கால்விரல் எந்தப் பக்கம் திரும்புகிறது? சுவர்ப்பக்கமா, என் பக்கமா? ஏதாவது சொல்லிவிடேன்டி, வைது தொலையேன், ஒரு கெட்ட வார்த்தையாவது. கீழே மேடம் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

அவள் கால் அசைந்தது. நான் எழுந்து அவள் கையைப் பிடித்துவிட்டேன். சொல்ல நினைத்தது வேறே. நான் படிக்காத முண்டை, தெரியாமப் பண்ணிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது இது. லோகு, அன்னைக்குச் சோறு தின்னுட்டு, இதுவும் போயிட்டா நான், அப்படின்னு நிறுத்தினியே, மிச்சத்தைச் சொல்லு. அவள் புரியாமல் பார்த்தாள். சொல்லுடி. பாதியில விடாத. இதுவும் போயிடுச்சு, இப்ப நீ என்ன? அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் மறைத்துக்கொண்டு நிற்கிற சுவரைப் பார்த்தாள், புடவை சுவரைவிட்டுத் தள்ளி இழுக்கப்பட்டுக் கிடக்கிற கோலத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கத்தானே அவள் படித்தது. உதடு கோணியது, முன்பல் விழுந்த வயசில் கோணின மாதிரி. அம்மா, என்றாள். ஏம்மா இப்படிப் பண்ணின, ஏம்மா, ஏம்மா என்று என் தோளில் கையால் குத்தினாள், வலிக்கக் குத்தினாள், குத்திக்கொண்டே அழுதாள். திருப்பிவிட்ட அன்றைக்குக்கூட ஒரு சொட்டு அழாதவள், சுவரைப் பார்த்துக் கல்லாய்க் கிடந்தவள், ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். குத்துடி என் தங்கம், குத்து. தெரியலம்மா என்றாள் அழுகைக்கு நடுவே, அன்னைக்கும் தெரியல, அதான் நிறுத்திட்டேன். இப்ப? என்றேன். இப்ப உன்னைக் கொல்லணும்போல இருக்கு என்றாள். அது போதும். அதில் அவளும் இருக்கிறாள், நானும் இருக்கிறேன்.

கீழிருந்து மேடம் கூப்பிட்டார், லோகேஸ்வரி, பெட்டியைத் தூக்க ஆள் வரட்டுமா? அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், என்னையும் இழுத்து உட்காரவைத்தாள். முந்தானையில் நான் பிடித்திருந்த ஓட்டைப் பிரித்தாள், கரியை மோந்து பார்த்தாள், அடுப்பு வாடையோடு சேர்த்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் வீட்டில் அப்படியே கிடக்கிறது, நாரும் கஞ்சியும் சாம்பலும் வெள்ளித்தாளும். என் வலதுகையை எடுத்துத் தன் மடியில் வைத்து விரித்தாள். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. அதைத்தான் பார்க்கிறாளா, கையைத்தான் பிடித்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கை அவளிடமே இருக்கட்டும். மேடம் படியேறி வருகிற சத்தம் கேட்கிறது. அவங்க வர்றதுக்குள்ள எனக்கு முதல்லேருந்து தெரியணும்மா, ஒண்ணையும் விடாத என்றாள். அப்புறம், நாக்கைச் சுழற்றாமல், நான் சொல்கிற மாதிரியே சொன்னாள்: வெளக்கு.

வாயைத் திறந்தேன்.